கல்லங்குறிச்சிக்கு மேல் என்ன இருக்கிறது?

ஜெயங்கொண்டத்தில் 1994-ல் பிறந்த ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் மாவட்டம் திருச்சிராப்பள்ளி. அதே குழந்தை 1999-ல் ஒன்றாம் வகுப்பில் சேரும்போது பள்ளிப் பதிவேட்டில் பெரம்பலூர். 2001-ன் நடுவில் ஏதாவது சான்றிதழ் வாங்கியிருந்தால் அதில் அரியலூர்; 2003-ல் வாங்கியிருந்தால் மறுபடியும் பெரம்பலூர். 2009-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியபோது மீண்டும் அரியலூர். இத்தனைக்கும் அந்தக் குடும்பம் ஒரு தெருகூடத் தள்ளிக் குடிபோகவில்லை. மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் 1995-ல் பிரிந்தது. 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31-ல் அது திரும்பவும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23-ல் இரண்டாம் முறை பிறந்தது. இடையில் வந்த 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அரியலூர் தனியாக இருந்த அந்தப் பதினைந்து மாதங்களுக்குள் விழுந்துவிட்டது. அதனால் அந்தக் கணக்கெடுப்பில் அரியலூருக்கு 6,95,524 பேர், பெரம்பலூருக்கு 4,93,646 பேர் என்று தனித்தனி எண்கள் உண்டு. 2004-ல் ஒருவர் "பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் சரியான விடை இரண்டையும் கூட்டிய 11,89,170. கணக்கெடுப்பு நூலில் பெரம்பலூர் என்ற தலைப்புக்கு நேராக இருந்த எண் அது அல்ல.

இந்தச் சின்னக் குழப்பத்தைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க முயலும்போதுதான் நிரல்மொழிகளின் சொல்திறன் என்ற பேச்சுக்குப் பொருள் கிடைக்கிறது. கோபால் மொழியில் எழுதிய பழைய கோப்பு முறையில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பதிவு, அதில் மாவட்டத்துக்கு இத்தனை எழுத்து என்று ஓர் இடம். மாவட்டம் மாறினால் பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதுவார்கள். அழித்ததோடு வரலாறும் போய்விடும். எஸ்கியூஎல் அட்டவணையிலும் தொடக்கத்தில் இதே கதைதான். 'எந்த நாள் முதல்', 'எந்த நாள் வரை' என்று இரண்டு பத்திகளைக் கூடுதலாக வைக்கலாம். ஆனால் அவை இரண்டும் சேர்ந்து ஒரு காலப்பகுதி என்பது அட்டவணைக்குத் தெரியாது. ஒரே ஊர் ஒரே நாளில் இரண்டு மாவட்டங்களில் இருப்பதாகப் பதிவு விழுந்தாலும் அது வாய் திறக்காது. அதைத் தடுக்கும் நிபந்தனையை நிரலாளர்தான் ஒவ்வொரு முறையும் தம் கையால் எழுத வேண்டும்.

எழுதுவது எளிதல்ல. இரண்டு காலப்பகுதிகள் ஒன்றோடொன்று 13 விதமாக அமையலாம் என்று ஜேம்ஸ் ஆலன் 1983-ல் வகைப்படுத்தினார்: ஒன்று முடிந்தபின் மற்றது, ஒன்று முடியும் கணத்தில் மற்றது, ஒன்றுக்குள் மற்றது, இப்படி. அவற்றில் ஒன்றை விட்டுவிட்டாலும் 2002 மார்ச் 31-ஆம் தேதி ஜெயங்கொண்டம் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதற்குத் தப்பான விடை வரும். காலப்பகுதி என்பதையே ஒரு பொருளாக ஏற்று, அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லும் வசதி எஸ்கியூஎல் தரநிலைக்குள் வந்தது 2011-ல்தான்.

அதற்கு முன் அந்த மொழியில் இதைச் செய்யவே முடியாதா? முடியும். அலுவலகங்கள் செய்துகொண்டுதான் இருந்தன. சிக்கலே இங்கேதான் இருக்கிறது. அலோன்சோ சர்ச், ஆலன் டூரிங் இருவரும் 1936-ல் வெவ்வேறு வழிகளில் கணிப்பு என்பதற்கு இலக்கணம் வகுத்தார்கள். இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று சமம் என்று தெரியவந்தது. இன்று புழக்கத்தில் உள்ள பொதுப்பயன் மொழிகள் எல்லாம் அந்த அளவுகோலில் சமமானவை. ஃபோர்ட்ரானில் முடிவது பைத்தானில் முடியும். பைத்தானில் முடிவது, போதிய பொறுமை இருந்தால், அசெம்பிளியிலும் முடியும். ஆகவே "எந்த மொழி எதைச் செய்யும்?" என்ற கேள்வியால் மொழிகளைப் பிரித்தறிய முடியாது.

வேறு கேள்வி ஒன்று வேண்டியிருந்தது. அதைக் கணிதமாக்கியவர் மத்தியாஸ் ஃபெல்லைசன். 1990-91-ல் வெளிவந்த அவருடைய ஆய்வின் சாரம் இது: ஒரு மொழியில் இருக்கும் ஒரு வசதியை எடுத்துவிடுங்கள். அது இருந்த இடங்களில் மட்டும் உள்ளூர்த் திருத்தம் செய்து சமாளிக்க முடிந்தால், அந்த வசதி வெறும் எழுத்துச் சிக்கனம். அதை ஈடுகட்ட நிரல் முழுவதையும் கலைத்துக் கட்ட வேண்டியிருந்தால், அந்த வசதி மொழியின் சொல்திறனை உண்மையாகவே கூட்டியிருக்கிறது. இதைக் கொஞ்சம் தளர்த்தி அன்றாட வேலைக்கும் பயன்படுத்தலாம். பிரச்சினை ஒரு விரற்கடை மாறும்போது நிரலில் எத்தனை இடங்களைத் தொட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே போதும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த அளவுகோல்தான்.

அரியலூர், பெரம்பலூர் மண்ணின் அடியில் இதற்கு இன்னும் நல்ல உதாரணம் கிடக்கிறது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடல். அந்தக் கடல் பலமுறை ஏறி இறங்கியபோது படிந்த அடுக்குகளை ஹென்றி பிளான்ஃபோர்டு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆராய்ந்து உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றையும் மேலும் பகுத்தார்கள். பகுத்த அடுக்குகளுக்கு உலக நிலவியல் ஏடுகளில் வழங்கும் பெயர்கள் எல்லாம் இங்குள்ள ஊர்ப்பெயர்கள். அம்மோனைட், பெலம்நைட் புதைபடிவங்கள் சிதறிக் கிடக்கும் செம்மண் ஓடைக்காடான காரை அப்படி ஒரு பெயர். அரியலூர்த் தொகுதியில் கீழிருந்து மேலாகச் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு. அதற்கும் மேலே நின்னியூர். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்காக மக்கள் அறிந்த கல்லங்குறிச்சி, புதைபடிவ ஆய்வாளருக்குச் சிப்பிகள் நெருங்கிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் அடுக்கின் பெயர். 1987-ல் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்ட பெரும் எலும்புகள் வந்தது கல்லமேட்டு அடுக்கிலிருந்து.

நிலவியலாளர் களத்தில் நேரடியாகக் காண்பது ஒன்றே ஒன்று: இந்த அடுக்கின் நேர்மேலே அந்த அடுக்கு. அதை ஓர் அட்டவணையாக எழுதுவது சுலபம். ஒட்டக்கோவில் கல்லங்குறிச்சியின் நேர்மேல். கல்லமேடு ஒட்டக்கோவிலின் நேர்மேல். இப்போது கேள்வி: கல்லங்குறிச்சிக்கு மேல் என்னென்ன அடுக்குகள் இருக்கின்றன, எத்தனை படி ஏறினாலும் சரி?

எட்கர் காட் 1970-ல் முன்வைத்த உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டின் குறுக்கே இந்தச் சாதுவான கேள்வி வந்து நின்றது. அந்தக் கோட்பாட்டின் இயற்கணிதத்தில் அட்டவணையை அதனோடே ஒருமுறை இணைத்தால் இரண்டு படி ஏறலாம். இருமுறை இணைத்தால் மூன்று படி. எத்தனை படி என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். 'தீரும்வரை ஏறு' என்று சொல்ல அதில் சொல்லே கிடையாது. இது யாருடைய திறமைக்குறைவும் அல்ல என்று 1979-ல் ஆல்ஃப்ரெட் ஆஹோவும் ஜெஃப்ரி உல்மனும் நிறுவினார்கள்: அந்த இயற்கணிதத்தின் எந்த வாக்கியத்தாலும் இதைச் சொல்ல முடியாது. மொழிகளைப் பற்றிய வாதங்களில் பெரும்பாலானவை விருப்பு வெறுப்பில் போய் முடிகின்றன. இது அப்படியல்ல, தேற்றம். எஸ்கியூஎல் தரநிலை தன்னைத்தானே அழைக்கும் வினவலைச் சேர்த்துக்கொண்டு இந்தக் குறையைத் தீர்த்தது 1999-ல்.

மார்சேயில் ஆலன் கோல்மராவரும் ஃபிலிப் ரூசலும், ராபர்ட் கோவால்ஸ்கியின் தர்க்கக் கருத்துகளைத் துணைக்கொண்டு, 1972-ல் உருவாக்கிய புரோலாக்கில் இது இரண்டே வரி:

மேல்(_அ, _ஆ) :- நேர்மேல்(_அ, _ஆ).
மேல்(_அ, _ஆ) :- நேர்மேல்(_அ, _இ), மேல்(_இ, _ஆ).

ஒன்று இன்னொன்றின் நேர்மேலே இருந்தால் அது மேலே இருக்கிறது. ஒன்று எதன் நேர்மேலே இருக்கிறதோ, அது இன்னொன்றுக்கு மேலே இருந்தால், முதலாவதும் மேலேதான். கல்லூரி நிலவியல் மாணவர் பேசுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். எந்த அடுக்கிலிருந்து தொடங்க வேண்டும், விடைகளை எங்கே சேர்த்துவைக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற பேச்சே இல்லை. அதைவிட முக்கியமானது, ஓர் ஆய்வாளர் ஓர் அடுக்கை இரண்டாகப் பிரித்தால் உண்மைகளின் பட்டியலில் ஓரிரு வரிகள் மாறி ஒரு வரி கூடும். விதிகள் இரண்டும் தொடப்படாமலே இருக்கும். கீழே என்ன இருக்கிறது என்று கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் இதே இரண்டு வரி விடை சொல்லும்.

மேலே பெயர்களுக்கு முன்னால் அடிக்கோடு இருப்பதற்குக் காரணம் உண்டு. புரோலாக்கில் பெரிய எழுத்தில் தொடங்குவது மாறி, சிறிய எழுத்தில் தொடங்குவது நிலையான பெயர். ஆங்கில நெடுங்கணக்கின் ஒரு தற்செயலை இலக்கணமாக்கிக்கொண்ட மொழி அது. தமிழில் பெரிய எழுத்து ஏது? அதனால் அடிக்கோடு. இதற்கு எதிர்த்திசையில் யோசித்தவர் முத்தையா அண்ணாமலை. அவர் 2009-ல் ஆய்வுக்கட்டுரையாக அறிமுகப்படுத்திய எழில் மொழியில் நிபந்தனை முதலில் வரும், 'ஆனால்' என்ற சொல் அதன் பின்னால் வரும். தமிழ் வாக்கியம் நடக்கும் வரிசை அது. பள்ளிப் பிள்ளைகள் முதல் நிரலை எழுத இது பெரிய உதவி. ஆனால் ஃபெல்லைசனின் அளவுகோலில் எழில் கூடுதல் சொல்திறனைக் கோர முடியாது. அடியில் இருக்கும் கட்டளைகள் பைத்தானைப் போன்றவையே. படிக்க எளிமை என்பதும் சொல்திறன் என்பதும் இரண்டு தனி நன்மைகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நிரல்மொழிச் சண்டைகள் முடிவதில்லை.

புரோலாக்கும் குறையற்றதல்ல. மேலே உள்ள இரண்டாம் விதியில் இரண்டு பகுதிகளையும் இடம் மாற்றி எழுதினால் தர்க்கப்படி பொருள் மாறாது. ஆனால் நிரல் விடைகளைச் சொன்ன பிறகும் முடியாமல் தன்னையே அழைத்துக்கொண்டு ஓடும். 'என்ன' என்பதை மட்டும் சொன்னால் போதும் என்று வாக்குக் கொடுத்த மொழி, 'எப்படி' என்பதை வரிசையின் வழியாகப் பின்வாசலில் கேட்டுவாங்குகிறது. அதன் சுருங்கிய உறவினரான டேட்டாலாக்கில் இந்த ஆபத்து இல்லை. அதற்கு அது கொடுக்கும் விலை, எல்லாக் கணிப்புகளையும் செய்யும் திறனையே விட்டுவிடுவது. குறைவாகச் செய்யத் தெரிந்த மொழி, தான் செய்வதை நம்பகமாகச் செய்கிறது.

கல்லங்குறிச்சி அடுக்குக்கு மேல் இருப்பவை நிலவியலாளருக்கு முக்கியம். சிமென்ட் ஆலைக்கோ அந்த அடுக்கே முக்கியம். தமிழ்நாடு அரசின் சிமென்ட் ஆலை 1979-ல் அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கியது. தனியார் ஆலைகளும் சுற்றிலும் வரிசையாக எழுந்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்தப் பழைய கடலின் சுண்ணாம்புக்கல். ஆனால் சுரங்கத்தின் ஒரு மூலையிலிருந்து வரும் கல் இன்னொரு மூலையிலிருந்து வருவதுபோல் இருக்காது. ஒன்றில் சுண்ணாம்பு அதிகம், ஒன்றில் மணற்சத்தான சிலிக்கா அதிகம். அவற்றோடு களிமண், லேட்டரைட் எல்லாம் எந்த அளவில் கலப்பது?

இதற்கு ஆலை ஆய்வகங்கள் கைவசம் வைத்திருக்கும் அளவுகோலில் கால்சியம் ஆக்சைடின் அளவை ஒரு கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்: சிலிக்காவின் 2.8 மடங்கு, அலுமினாவின் 1.2 மடங்கு, இரும்பு ஆக்சைடின் 0.65 மடங்கு. விடை 1-க்குச் சற்றுக் கீழே, 0.92 முதல் 0.98 வரை இருப்பது வழக்கமான இலக்கு. அதற்கு மேல் போனால், 1,450 டிகிரி செல்சியஸில் வெந்த பிறகும், சூளையில் உருவாகும் கட்டியான கிளிங்கரில் சேராத சுண்ணாம்பு மிஞ்சும். கட்டடத்தில் அது பின்னால் ஊதி விரிசல் விடும். கீழே போனால் சிமென்ட் சீக்கிரம் பலம் பிடிக்காது. இதோடு சிலிக்கா விகிதம், அலுமினா விகிதம் என்று வேறு வரம்புகளும் உண்டு. எல்லாவற்றையும் காப்பாற்றி, செலவு மிகக் குறைந்த கலவையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சி மொழியில் இதை எழுதப் புகுந்தவர் முதலில் எண்களை ஒரு பெரிய அணியாக அடுக்குவார். முதல் பத்தி உயர்தரக் கல், இரண்டாவது தாழ்தரக் கல், ஏழாவது வரிசை சுண்ணாம்பு வரம்பு என்று மனத்தில் ஒரு வரைபடம் வைத்துக்கொண்டு எழுதுவார். அந்த வரைபடம் நிரலில் எங்கும் இருக்காது, அவர் தலையில் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

ஆம்பிள் என்ற மொழி இந்த இடத்துக்காகவே 1985-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. ராபர்ட் ஃபோரர், டேவிட் கே, பிரையன் கெர்னிகன் மூவரும் அதை ஆக்கினார்கள். டென்னிஸ் ரிச்சியோடு சேர்ந்து 1978-ல் சி மொழிக்கான புகழ்பெற்ற நூலை எழுதிய கெர்னிகன்தான் இவர். சி-யின் எல்லை எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆம்பிளில் 'மூலப்பொருள்கள்' ஒரு கணம், 'ஆக்சைடுகள்' ஒரு கணம். ஒவ்வொரு மூலப்பொருளிலும் எத்தனை டன் என்பது கண்டுபிடிக்க வேண்டியது. சுண்ணாம்பு வரம்பு ஒரு வாக்கியம், செலவைக் குறை என்பது இன்னொரு வாக்கியம். எண்கள் தனிக் கோப்பில். ஜார்ஜ் டான்ட்சிக் 1947-ல் தந்த சிம்ப்ளெக்ஸ் முறையோ அதன் வாரிசுகளோ பின்னால் இருந்து விடையைத் தேடும். எழுதுபவர் தேடலைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை.

இப்போது பிரச்சினையை ஒரு விரற்கடை நகர்த்திப் பார்க்கலாம். சூளையில் எரியும் நிலக்கரியின் சாம்பலும் கிளிங்கரில் கலக்கிறது. அதில் சிலிக்காவும் அலுமினாவும் உண்டு. அதையும் கணக்கில் சேர் என்கிறார் வேதியியலாளர். ஆம்பிளில் மூலப்பொருள் பட்டியலில் சாம்பல் என்று ஒரு பெயர் கூடும். அதன் அளவை எரிபொருளோடு கட்டும் ஒரு வாக்கியம் கூடும். சி நிரலிலோ பத்திகளின் எண் நகரும், எண்ணை நம்பி எழுதிய லூப் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

ஆம்பிளும் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளாது. சுண்ணாம்பு அளவுகோல் ஒரு வகுத்தல். அதை அப்படியே எழுதினால் பிரச்சினை நேர்கோட்டு வகையிலிருந்து விலகி, சிம்ப்ளெக்ஸின் கைக்கு எட்டாமல் போகும். கீழே இருப்பதை மறுபக்கத்துக்குக் கொண்டுபோய்ப் பெருக்கலாக்கிவிட்டால், சுண்ணாம்பு இவ்வளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற எளிய நேர்கோட்டு நிபந்தனை கிடைக்கும். அந்த நகர்த்தலைக் காண்பது பத்தாம் வகுப்புக் கணிதம் படித்த மனிதக் கண்.

கலவை முடிவானபின் கல் பெல்ட்டில் ஏறுகிறது. அங்கே ஆட்சி செய்யும் மொழி முற்றிலும் வேறு. ஏணிப்படம் என்று சொல்லத்தக்க லேடர் மொழி, எழுத்தாக அல்லாமல் வரைபடமாகவே எழுதப்படுவது. இரு பக்கமும் இரண்டு மின்கம்பிகள், நடுவே படிகள், படியில் சுவிட்சுகள். 1960-களின் இறுதியில் தொழிற்சாலைகளின் ரிலே பெட்டிகளுக்குப் பதிலாகக் கட்டுப்பாட்டுக் கணினிகள் வந்தபோது, ஏற்கெனவே ரிலே சுற்றுப்படம் படிக்கத் தெரிந்த மின்பணியாளர்களுக்காக அந்தப் படத்தையே மொழியாக்கினார்கள். கிரஷரிலிருந்து ஆலை வரை வரிசையாக ஓடும் கன்வேயர்களில், முன்னால் இருக்கும் பெல்ட் ஓடினால்தான் பின்னால் இருப்பது ஓடலாம். இல்லையேல் கல் குவிந்து பெல்ட் கிழியும். லேடரில் இது ஒரே படி. நள்ளிரவில் பெல்ட் நின்றுவிட்டால், எந்தச் சுவிட்ச் திறந்திருக்கிறது என்று மின்பணியாளர் திரையில் அந்தப் படியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். இதையே ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதினால் கணினி அறிஞர் மகிழ்வார், பெல்ட் நின்றபடியே இருக்கும். கலவைக் கணக்கை லேடரில் எழுத நினைப்பதும் அதே அளவு வீண் உழைப்பு. இவ்வகைக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரநிலை 1993-ல் வந்தபோது ஒரே மொழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஐந்து மொழிகளை ஏற்றுக்கொண்டது.

ஹாஸ்கெலைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. 1993-ல் அமெரிக்கக் கடற்படைக்காக ஒரே பிரச்சினையைப் பல மொழிகளில் எழுதிப் பார்த்தார்கள். கப்பல்கள், விமானங்களைச் சுற்றியுள்ள பகுதிகளுக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் முன்மாதிரி அது. சி++ நிரல் 1,105 வரி, அடா 767 வரி, ஹாஸ்கெல் 85 வரி. ஒவ்வொரு மொழியையும் அதில் ஊறியவரே எழுதியதால் இந்த எண்களைத் தராசாக வைத்துக்கொள்ளக் கூடாது. சிக்கனத்துக்கான காரணம்தான் கவனிக்கத்தக்கது. ஹாஸ்கெல் எழுதியவர் பகுதி என்பதைப் புள்ளிகளின் பட்டியலாக வைக்கவில்லை; ஒரு புள்ளியைக் கொடுத்தால் 'உள்ளே' அல்லது 'வெளியே' என்று சொல்லும் ஃபங்ஷனாகவே வைத்தார். ஃபங்ஷனைப் பொருள்போல் கையாளும் மொழி என்பதால், இரண்டு பகுதிகளின் வெட்டு, ஒரு பகுதியின் வெளிப்புறம் எல்லாம் ஒவ்வொரு வரி. ஒரு சுண்ணாம்புச் சுரங்கக் குத்தகை எல்லைக்குள், ஆனால் ஏரிக்கரையிலிருந்து 50 மீட்டருக்கு வெளியே என்ற பகுதியை இதில் அப்படியே எழுதிவிடலாம்.

ஆனால் அந்தப் பகுதியின் பரப்பளவு என்ன என்று கேட்டால் ஃபங்ஷனுக்கு விடை தெரியாது. ஒவ்வொரு புள்ளியாகக் கேட்டுப் பார்க்க மட்டுமே முடியும். மூலைகளின் பட்டியலாக எல்லையை வைத்திருக்கும் நில அளவை மென்பொருள் பரப்பளவை நொடியில் சொல்லும். 'வெளியே' என்ற பகுதியை உருவாக்கத்தான் திணறும்.

ஆலைக்குள் இன்னும் ஒரு விஷயம் ஆம்பிளிலும் லேடரிலும் சொல்லப்படாமல் தப்பிவிடுகிறது. ஆய்வகம் தரும் சதவீதங்கள் உலர்ந்த கல்லுக்கானவை. பெல்ட்டின் அடியில் இருக்கும் எடைக்கருவி நிறுப்பதோ ஈரக் கல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வரும் களிமண்ணில் இந்த வேறுபாடு பெரியது. இரண்டு மொழிகளுக்கும் டன் என்பது வெறும் எண். ஈர டன்னையும் உலர் டன்னையும் கூட்டினால் தடுக்காது. அலகுகள் கலந்ததால் 1999-ல் செவ்வாய் சென்ற அமெரிக்க விண்கலம் ஒன்று தொலைந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஆண்ட்ரூ கென்னடி எஃப் ஷார்ப் மொழிக்குள் கொண்டுவந்த அளவலகு வசதியில் 'ஈர டன்', 'உலர் டன்' இரண்டையும் தனித்தனி அலகுகளாக அறிவிக்கலாம். ஈரப்பத விகிதத்தால் பெருக்கி மாற்றாமல் இரண்டையும் கூட்டும் வரியை நிரல்தொகுப்பி ஏற்காது. ஓடும்போது அந்த அலகுகள் அழிந்துவிடுவதால் வேகமும் குறையாது.